செத்த காலேஜில் ஆற்று வாளை

என் மாமாவை ஒரு மீன் விழுங்கிவிட்டது என்று புதுப் பள்ளிக்கூடத்தில் நான் சொன்னபோது ஒரு பிள்ளையும் நம்பவில்லை. டீச்சர் மட்டும் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு முன் பெஞ்சுக்கு வரச் சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில் பாதி நம்பிக்கைதான். முழுசாக நம்பியது எங்கள் அத்தை. அத்தை ஒன்றை நம்பிவிட்டால் அவ்வளவுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவளோடு கூடப்பிறந்த என் அப்பாவே, "அவளாண்ட பேசறதும் செவுத்தாண்ட பேசறதும் ஒண்ணு" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

அப்போது நாங்கள் அடையாற்றின் கரையில், கோட்டூர்புரம் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தோம். ஆற்றங்கரை வீடு என்றதும் தென்னமரம், தென்றல் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கறுப்புத் தண்ணீர், கொசு, பிளாஸ்டிக் கவர், எருமை. வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் மூக்கைப் பொத்துவார்கள். எதற்குப் பொத்துகிறார்கள் என்று நாங்கள் பார்ப்போம். எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அத்தைக்குப் பிள்ளை இல்லை, ஆகவே நான் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. மாமா பெயின்டர். வேலை முடிந்து வரும்போது டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் எனாமல் பெயின்டைக் கொண்டுவந்து என் நகங்களுக்கு அடிப்பார், ஒரு கைக்கு நீலம், ஒரு கைக்குப் பச்சை. அம்மா மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்துக்கொண்டே அவரைத் திட்டுவாள். அவர் சிரிப்பார். உலகத்திலேயே எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

அவர் இடுப்பில் கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து கிடக்கும். ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து பிழைத்தபோது, ராயப்பேட்டைப் பக்கம் ஒரு தர்காவில் மந்திரித்து வாங்கி அத்தை தன் கையால் கட்டியது. குளிக்கும்போதுகூட அவிழ்க்கக் கூடாது என்பது அவள் சட்டம்.

பெருவெள்ளம் வந்த அன்று விடிவதற்குள் தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது. எல்லோரும் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஓடினோம். மாமா மட்டும் வரவில்லை. "நீங்க போய்க்கினே இருங்க, டிவிய மேல ஏத்தி வெச்சுட்டுப் பின்னாடியே வரேன்" என்றார். பின்னாடி தண்ணீர்தான் வந்தது. மாமா அன்றும் வரவில்லை, இன்றுவரையும் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

தண்ணீர் வடிந்து நாங்கள் திரும்பிப் போனபோது அத்தை வீட்டுக் கதவு சேற்றில் இறுகிக் கிடந்தது. அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தார்கள். உள்ளே டிவி பரணில் பத்திரமாக இருந்தது. கீழே மாமாவின் இரும்புக் கட்டில், அதன்மேல் முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில், மாமா தலை வைத்துப் படுக்கிற பக்கம் தலை வைத்து, ஒரு மீன் படுத்திருந்தது.

நான் அவ்வளவு பெரிய மீனைப் பார்த்ததே இல்லை. நின்றால் என் உயரம் இருக்கும். கடைத்தெருவில் விற்கிற கடல் வாளை இல்லை இது, ஆற்று வாளை, கெளுத்தி ஜாதி. செதில் கிடையாது, தோல் வழவழவென்று மனுஷத் தோல் போலவே இருக்கும். வாய் கண்ணுக்கும் அப்பால் கிழிந்து போயிருந்தது, உள்ளே பொடிப்பொடியாகப் பல். உதட்டோரம் இரண்டு நீள மீசை. அது உயிரோடு இருந்தது. வாயை மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டே எங்களைப் பார்த்தது.

"ஏரி ஒடஞ்சு வந்துகீது. நல்ல கறி" என்று பக்கத்து வீட்டுக்காரர் கையை நீட்டினார். அத்தை ஒரு அலறல் போட்டாள் பாருங்கள், அந்த மனுஷர் சேற்றில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். ஆற்றில் ஆள் போனால் உடல் கிடைக்கும்வரை மீன் தொடக் கூடாது என்பது எங்கள் கரையில் ஒரு கட்டுப்பாடு. யார் வயிற்றில் யார் இருப்பார்களோ, தெரியாதல்லவா.

அந்த நேரம் பார்த்து முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு சில பேர் வந்தார்கள். வெள்ளம் என்னென்ன மீனைக் கொண்டுவந்திருக்கிறது என்று கரையோரமெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு அம்மாள். கூட வந்தவர்கள் அவரை டாக்டர் என்று கூப்பிட்டதால் மீனுக்கு ஊசி போடுகிறவர் என்று நினைத்துக்கொண்டேன். கட்டிலைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. இந்த ஆற்றில் இதைப் பார்க்கவே முடியாது, மியூசியத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டார். கறியாகாமல் இருந்தால் போதும் என்று அத்தை தலையாட்டினாள். ஈரச் சாக்கில் சுற்றி ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசல் தாண்டும்போதும் அது வாயைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் சனங்களுக்குள் மாமாவைப் பற்றி இரண்டு கதைகள் ஓடின. ஒன்று, ஆறு அவரைக் கொண்டுபோய்விட்டது, அந்த வாளை விழுங்கிவிட்டது, விழுங்கிவிட்டுப் பழக்க தோஷத்தில் அவர் கட்டிலிலேயே வந்து படுத்துக்கொண்டது. இன்னொரு கதையை அத்தை தலை தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். ஆதம்பாக்கத்தில் மாமா பெயின்ட் அடித்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தி தையல் கடை வைத்திருந்தாளாம். வெள்ளத்துக்குப் பிறகு அவளும் கடையைத் திறக்கவில்லையாம். "தண்ணி வந்தது அவனுக்கு நல்ல சாக்காப் பூட்ச்சு" என்று குழாயடியில் ஒருத்தி சொல்லி, மற்றவர்கள் ஐயே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடித்திருந்தது. ஏன் பிடிக்காது? அதில் மாமா சாகவில்லையே. ஆதம்பாக்கத்திலோ எங்கேயோ யாருக்கோ நகத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார். தெருமுனைப் பிள்ளையாரிடம் நான் தினமும் இந்தக் கதையே உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கரையிலிருந்த எங்களையெல்லாம் சர்க்காரில் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். மாடி வீடு, கரண்ட், எல்லாம் உண்டு; வேலை மட்டும் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டது. அத்தை பொட்டும் தாலியுமாகத்தான் இருந்தாள். உடம்பு கிடைக்காமல் காரியம் எப்படிச் செய்வது? பண்டிகை வந்தால் அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் குசுகுசுப்பு. சுமங்கலிகள் வரிசையிலும் வைக்க முடியவில்லை, மற்ற வரிசையிலும் வைக்க முடியவில்லை.

இந்த நிலைமையில் அத்தை ஒரு காரியம் செய்தாள். மயிலாப்பூரில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வீடுகளையெல்லாம் விட்டுவிட்டு, அந்த மீன் எங்கே போயிற்று என்று விசாரித்து விசாரித்து, கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவைக் கண்டுபிடித்து, அங்கேயே பெருக்கித் துடைக்கிற வேலையில் சேர்ந்துகொண்டாள். அது அந்த மியூசியத்தின் கிடங்கு. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம் இல்லை. பார்க்க வைக்காத சாமான்களையெல்லாம் அடுக்கி வைத்திருக்கிற இடம். எங்கள் சனங்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள், மிருகங்கள் இருக்கிற இடம் உயிர் காலேஜ். "செத்த காலேஜ்ல இன்னாடி வேல உனுக்கு, பேஜாரு" என்று அப்பா கத்திப் பார்த்தார். சுவரிடம் கத்தியிருக்கலாம்.

அத்தையோடு ஒரே பாயில் படுக்கிறவள் நான். அவள் புடவையில் ஒரு வாசனை ஏறியது. ஆஸ்பத்திரி வாசனையும் மீன் வாசனையும் கலந்த மாதிரி, மூக்கின் உள்ளே போய் எரியும். சோப்புப் போட்டாலும் போகாது. தூக்கத்தில் அவள் கை என்மேல் விழுந்தால் கையிலும் அதே வாசனை.

கோடை லீவு வந்தது. அம்மாவுக்கும் வேலை, என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கோபாலபுரத்துத் தெரு பட்டப்பகலிலும் ஆள் நடமாட்டமில்லாமல், மரநிழலில் அசையாமல் கிடந்தது. பங்களாவுக்குள் நீளமான ஓர் அறை, ஜன்னலெல்லாம் சாத்தி, கூரை வரை ரேக்குகள். ரேக்குகளில் பாட்டில்கள். பாட்டில்களில் மீன்கள்.

அந்த அறை முழுக்க மீசைக்கார மீன்கள்தான், ஆறு குளங்களில் பிடித்த கெளுத்தி, தேளி இப்படி. ஊறுகாய் ஜாடி அளவு பாட்டிலில் கட்டைவிரல் அளவு குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக. பெரிய பாட்டிலில் ஒற்றை மீன், தலை மேலே பார்க்க, மீசை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு. எல்லாவற்றுக்கும் நிறம் போயிருந்தது, எல்லாவற்றுக்கும் கண் வெள்ளை. ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு சீட்டு. டாக்டரம்மாள் நல்ல மாதிரி. என்னைக் கூப்பிட்டு ரேக்கில் ஒரு தட்டைக் காட்டி, "இதெல்லாம் உங்க அடையாத்துல புடிச்சதுதான், ரொம்ப வருஷம் முன்னாடி" என்றார். அந்தக் கறுப்புத் தண்ணீரில் இத்தனை பேர் குடியிருந்தார்களா என்று நான் பாட்டில்களை எண்ண ஆரம்பித்தேன். பஸ்ஸோ லாரியோ தெருவில் போனால் ரேக் முழுக்க லேசாகக் கிணுகிணுக்கும். அப்போது எல்லா மீனும் ஒரே நேரத்தில் தலையாட்டும்.

அறைக் கோடியில் ஒரு நீளக் கண்ணாடித் தொட்டி. எங்கள் கட்டில் வாளை அதில்தான் இருந்தது. தொட்டி நீளம் போதாமல் வாலை மடக்கி வைத்திருந்தார்கள். இடது பக்கம் நம்மைப் பார்க்க, வாய் திறந்தபடி. அத்தை மற்றப் பாட்டில்களை மளமளவென்று துடைத்துவிட்டு, தொட்டியை மட்டும் தன் முந்தானையால் துடைத்தாள். ரேக்குக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாய்யா, தூங்கினியா?" என்றாள் அத்தை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பதில் வந்து, அதைக் கேட்டுக்கொள்கிற அளவு நேரம்.

"நேத்து லிஃப்ட் ஓடல. கொடத்தத் தூக்கிக்கினு ஏறி இடுப்பு பூட்ச்சு." மறுபடியும் அமைதி. பிறகு லேசாகச் சிரித்து, "ஐயே, போய்யா" என்றாள். மாமா ஏதாவது கிண்டல் செய்தால் சிரிப்பாளே, அதே சிரிப்பு. எனக்கு மூத்திரம் வந்துவிடும் போலிருந்தது.

அத்தை திரும்பிப் பார்க்காமலே என்னைக் கூப்பிட்டாள். "தோ, உன் மருமவ வந்துகீறா பாரு. வாடி, மாமாவாண்ட ஒரு வார்த்த பேசு."

மாட்டேன் என்று ஓடியிருக்கலாம். ஆனால் அத்தை அவ்வளவு சாதாரணமாக, கல்யாண வீட்டில் சொந்தக்காரரிடம் பேசச் சொல்கிற மாதிரி சொன்னாள். கிட்டே போய் நின்றேன். அந்த வெள்ளைக் கண் என் மூக்குக்கு நேராக இருந்தது. "மாமா" என்றேன். தெருவில் லாரி ஏதாவது போயிருக்க வேண்டும், அப்படித்தான் இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தொட்டிக்குள் அந்த நீள மீசை மெதுவாக எழும்பி, என் பக்கம் திரும்பி, மறுபடியும் படிந்தது.

லீவு முழுக்க அத்தையோடு போனேன். பயம் பழகிப்போகும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை, ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பெரிய மீனையெல்லாம் வயிற்றில் வலது பக்கமாகக் கிழித்துத்தான் மருந்து ஏற்றுவார்கள், இடது பக்கத்தைப் பார்வைக்கு அழகாக விட்டுவிடுவார்கள் என்று அத்தைதான் எனக்குச் சொன்னாள். அப்படியானால் இந்த வாளையையும் கிழித்திருப்பார்களே, உள்ளே என்ன இருந்தது என்று டாக்டரம்மாளைக் கேட்டால் ஆயிற்று என்றேன். வெள்ளி மக்காது, தாயத்து உள்ளே இருந்தால் மாமா அதில்தான் போனார் என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் இல்லை.

"கேட்டா தெரிஞ்சுரும்டி" என்றாள் அத்தை. அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. தெரிந்துகொள்ளத்தானே வேலைக்கே வந்தாள், இது என்ன கூத்து என்று நினைத்தேன்.

அந்த மீன் வேறு ஊர் மியூசியத்துக்குப் போகிறது, மறுநாள் வண்டி வருகிறது என்று ஒரு நாள் காலையில் டாக்டரம்மாள் சொன்னார். அத்தை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், ஆறு, டிவி, கட்டில், தாயத்து எல்லாம். ஆதம்பாக்கத்தை மட்டும் சொல்லவில்லை.

டாக்டரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னம்மா நீங்க, முன்னாடியே சொல்லக் கூடாதா" என்றார். அவரும் உதவியாளரும் கையுறை மாட்டிக்கொண்டு வாளையைத் தூக்கி ஒரு நீளத் தட்டில் வைத்துப் புரட்டினார்கள். அறை முழுக்க அந்த வாசனை எரிந்தது. வலது பக்க வயிற்றில் ஒரு கிழிசல், பையின் வாய் போலத் திறந்திருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் அப்போதே எடுத்துத் தனியாக வைத்திருக்கிறோம் என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். நண்டு ஓடு, மீன் முள், பச்சை ஷாம்பூ பாக்கெட் ஒன்று, ஒரு துண்டு பிளாஸ்டிக் கவர்.

அத்தை பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குலுக்கினாள். "வேற ஒண்ணும் இல்லியாம்மா? நான் கைய வுட்டுப் பாக்கட்டா?"

டாக்டரம்மாள் தயங்கினார், பிறகு ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்தார். அத்தை வளையலை மேலே ஏற்றிவிட்டு, வாளையின் வயிற்றுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். பையின் அடியில் எதையோ தேடுகிற மாதிரி விரல்கள் உள்ளே நடப்பது மேல்தோலில் தெரிந்தது. மீன் மூச்சு விடுகிற மாதிரி வயிறு எழும்பி எழும்பி அடங்கியது. பஞ்சு வந்தது. மீன் வடிவம் கெடாமலிருக்க அடைத்த பஞ்சு. கொத்துக் கொத்தாக எடுத்து, ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தட்டில் வைத்தாள். கடைசிப் பஞ்சும் வந்த பிறகு மறுபடியும் கையை விட்டாள். முழங்கை வரை விட்டாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

"நான்தான் சொல்றேனேம்மா. ஆளை முழுங்கற மீனே இல்ல இது. மனச போட்டுக் குழப்பிக்காதீங்க, உங்க வீட்டுக்காரர் எங்கயாவது நல்லா இருப்பார்" என்று டாக்டரம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அந்தச் செத்த மீன்களுக்கு நடுவில் நின்று கை தட்டினேன். பிள்ளையார் என் கட்சிதான்.

பெரும்பாக்கத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பிளாக்கில் இறங்கியதும் ஒவ்வொரு வாசலாகப் போய், மீன் வயிற்றில் மாமா இல்லை, மாமா சாகவில்லை என்று தம்பட்டம் அடித்துவிட்டு வந்தேன். அம்மா சேமியா பாயசத்துக்குப் பால் வைத்தாள். அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா, உன் தாலி கெட்டி" என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். பெண்கள் வந்து கூடினார்கள்.

அத்தை சுவரோரம் போய் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்து விட்டாள். மாரில் அடித்துக்கொண்டு, சாவு வீட்டில் அழுகிற மாதிரி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். மாமா காணாமல் போனதிலிருந்து அவள் அப்படி ஒரு நாளும் அழுததில்லை. குழாயடியில் சிரித்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெதுவாகத் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நழுவினார்கள். அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்.

நான் அவள் மடியில் ஏறினேன். "எதுக்கு அத்தே அழுவுற? மாமாதான் சாவலியே. எங்கியோ உசுரோட கீறாரு" என்றேன்.

"ஆமாண்டி" என்றாள் அத்தை. "உசுரோடதான் கீறான்."

செத்தவர்களுக்குத்தான் அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவருக்காக ஒரு மனுஷி ஏன் இந்த அழுகை அழ வேண்டும் என்றுதான் விளங்கவில்லை. என் பாவாடையால் அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்து, "வந்துருவாரு அத்தே, வந்துருவாரு" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் அழுகை கூடிக்கொண்டே போயிற்று.